இடைவேளையில் ஓடக் கூடாதா?

மூன்றாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகனின் டைரியில், "இடைவேளையில் ஓடுவது, தொட்டு விளையாடுவது, குதிப்பது கூடாது, மீறினால் இடைவேளை ரத்து" என்று பள்ளியிலிருந்து குறிப்பு வந்திருக்கிறது. இது சரிதானா, இல்லை பள்ளிக்காரர்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் உடற்கல்வி ஆசிரியராக 26 வருடம் வேலை பார்த்தவன். அரசு உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி இரண்டிலும் விசிலோடு மைதானத்தில் நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தையும், இதைப் பற்றித் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தேவைக்கு மேல்தான் பயப்படுகிறார்கள். ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நீங்கள் பள்ளியோடு பேசப் போனால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முறிந்துவிடும். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கும்பகோணத்தில் பள்ளி தீப்பிடித்து எரிந்தது 2004 ஜூலை 16. 94 பிள்ளைகள் இறந்தார்கள். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியில், இடைவேளையில் கழிப்பறைக்குப் போன பையன்கள் மேல் சுவர் இடிந்து விழுந்து 3 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் எல்.கே.ஜி. குழந்தை செப்டிக் டேங்க்குக்குள் விழுந்து இறந்தது. ஒவ்வொரு முறையும் கைது, சஸ்பெண்ட், கோர்ட். விக்கிரவாண்டியில் தாளாளர், முதல்வர், வகுப்பாசிரியை மூன்று பேரும் கைதானார்கள். இதையெல்லாம் செய்தியில் பார்த்த ஒரு ஆசிரியை, தன் 45 பிள்ளைகளும் மணி அடித்ததும் நாலு திசையில் பறப்பதைப் பார்க்கும்போது என்ன நினைப்பார்? "யாராவது விழுந்தால் என் தலைதான் உருளும்" என்றுதான் நினைப்பார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

சரி, இப்போது அந்த நான்கு விபத்துகளையும் மறுபடி பாருங்கள். கூரை ஓலை. பேருந்தின் தரைப் பலகை. ஆட்டம் கண்ட சுவர். தொட்டியின் துருப்பிடித்த மூடி. ஒரு பிள்ளைகூட ஓடிப்பிடித்து விளையாடியதால் சாகவில்லை. பெரியவர்கள் கட்டியதும் பராமரிக்காமல் விட்டதும்தான் அவர்களைக் கொன்றது. ஆனால் அதிலிருந்து பல பள்ளிகள் எடுத்துக்கொண்ட பாடம், பிள்ளைகளை உட்கார வை என்பது. சுவரை இடித்துக் கட்டப் பணம் வேண்டும். தொட்டிக்கு கான்கிரீட் மூடி போடப் பணம் வேண்டும். "ஓடாதே" என்று டைரியில் எழுத ஒரு பைசா வேண்டாம். எழுதிவிட்டால் ஏதோ நடவடிக்கை எடுத்துவிட்ட திருப்தியும் கிடைத்துவிடுகிறது. எனக்கு இதில்தான் கோபம்.

ஆபத்து இரண்டு வகை என்று நாங்கள் பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியர்களுக்குச் சொல்வோம். பிள்ளையின் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து ஒன்று, தெரியாதது இன்னொன்று. வேப்பமரக் கிளையின் உயரம் பிள்ளைக்குத் தெரியும். பார்ப்பான், கால் நடுங்கும், "இதுக்கு மேல வேண்டாம்" என்று இறங்குவான், அல்லது அடுத்த வாரம் இன்னும் ஒரு கிளை ஏறுவான். அந்தக் கணக்கை அவனே போடுகிறான். துருப்பிடித்த மூடியின் பலவீனம் அவனுக்குத் தெரியவே தெரியாது. தரையில் ஊன்றாத கோல் போஸ்ட்டில் தொங்கினால் அது மேலேயே சாயும் என்பதும் தெரியாது. இந்த இரண்டாவது வகையை ஒழிப்பது முழுக்க முழுக்கப் பெரியவர்களின் வேலை. முதல் வகையைப் பிள்ளைக்கே விட்டு, பக்கத்தில் நின்றால் போதும். 2024 ஜனவரியில் கனடாவின் குழந்தை மருத்துவர் சங்கம் வெளியிட்ட அறிக்கையும் இதே பிரிவினையைத்தான் சொல்கிறது. கொஞ்சம் துணிச்சல் தேவைப்படுகிற விளையாட்டுக்குப் பிள்ளைகளை விடச் சொல்லிப் பெற்றோருக்குப் பரிந்துரையுங்கள் என்று, எலும்பு முறிவையும் தலைக்காயத்தையும் தினமும் பார்க்கிற மருத்துவர்களே தங்கள் சக மருத்துவர்களுக்குச் சொன்னார்கள்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பதினைந்து வருடம் இருக்கும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓடிப்பிடித்து விளையாடும்போது கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு விட்டுவிட்டது. மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரத்தில் கை சரியாகிவிட்டது. ஆனால் அன்று மாலை அவன் அப்பா வந்து அலுவலகத்தில் போட்ட சத்தத்தில், அடுத்த திங்கள் முதல் புது விதி வந்தது. இடைவேளை மணி அடித்தால் பிள்ளைகள் வரிசையாகக் கழிப்பறைக்குப் போக வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், வராண்டாவில் உட்கார வேண்டும். எழுந்தால் நான் விசில் அடிக்க வேண்டும். அடித்தேன். நான் எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை.

ஒரு மாதத்துக்குள் என்ன நடந்தது தெரியுமா? பென்சிலால் குத்துவது, டிபன் பாக்ஸைப் பிடுங்குவது, முன்னால் இருப்பவன் காலரை இழுப்பது என்று வகுப்பாசிரியர்களிடம் தினம் புகார். மதியத்துக்கு மேல் பாடமே நடத்த முடியவில்லை என்று அவர்கள் என்னிடம் வந்து சொன்னார்கள். பிள்ளைகள் ஓடுவதையும் நிறுத்தவில்லை. என் கண்ணுக்கு எட்டாத இடத்தில் ஓடினார்கள்: மாடிப்படியில், கழிப்பறையின் ஈரத் தரையில், பெஞ்சுகளுக்கு நடுவில். மூன்றாவது மாடியின் படிக்கட்டுக் கைப்பிடியில் சறுக்கிக்கொண்டு வந்த இரண்டு பேரைப் பிடித்த அன்று எனக்குக் கை கால் உதறியது. அந்த வருடம் பள்ளியில் நடந்த மோசமான காயம், வகுப்புக்குள் ஓடி பெஞ்சு விளிம்பில் மோதி ஒரு பையனுக்கு முன்பல் இரண்டு போனதுதான். மண் தரையில் விழுந்திருந்தால் முழங்காலில் சிராய்ப்போடு போயிருக்கும்.

விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அளவுக் கணக்கும் இருக்கிறது. பிள்ளைகளின் விளையாட்டுக் காயங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015ல் ஒரு கட்டுரை வந்தது. தாங்களாகவே விளையாடும் விளையாட்டில், மருத்துவம் தேவைப்படுகிற காயம் 1000 மணி நேரத்துக்கு 0.15 முதல் 0.17. பயிற்சியோடு ஆடும் போட்டி விளையாட்டுகளில் 0.20 முதல் 0.67. அந்த ஆய்வுகள் நடந்த ஊர்களின் தரையும் நம் தரையும் ஒன்றில்லை என்பதால் அப்படியே பொருத்த வேண்டாம், ஒரு அளவு புரிவதற்காகச் சொல்கிறேன். தினம் அரை மணி நேரம், வருடத்துக்கு 200 நாள் என்று வைத்தால் ஒரு பிள்ளைக்கு 100 மணி நேரம். அந்த வேகத்தில் டாக்டரிடம் போகும்படி ஒரு காயம் ஆவதற்கு 60 வருடம் ஆகும். 600 பிள்ளைகள் உள்ள பள்ளி என்றால் வருடத்துக்கு 10 காயம் வரலாம். தலைமை ஆசிரியர் அந்தப் பத்தைத்தான் பார்க்கிறார். பத்தும் அவர் மேஜைக்குத்தான் வரும். மீதி 590 பேரும் நன்றாக விளையாடிவிட்டு வகுப்புக்குப் போனதை யாரும் வந்து சொல்வதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். மாவட்டக் கபடிப் போட்டிக்கு அதே பள்ளி பிள்ளைகளை அனுப்புகிறது, ஜெயித்தால் வாசலில் பேனர் கட்டுகிறது. காயக் கணக்கில் அதுதான் கூடுதல். ஆனால் கோப்பை வருவதால் அங்கே யாருக்கும் பயம் வருவதில்லை.

ஓடாமல் இருப்பதால் ஆகும் சேதம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கண். சின்ன வயதில் வெளிச்சத்தில் இருக்கும் நேரம் குறைந்தால் கிட்டப்பார்வை கூடுகிறது. தைவானில் காவோசியுங் பகுதியில் ஒரு பள்ளியில், இடைவேளை விட்டால் எல்லாப் பிள்ளையும் வகுப்பறையை விட்டு வெளியே போக வேண்டும் என்று ஒரு வருடம் செய்து பார்த்தார்கள். ஒரு நாளைக்கு மொத்தம் 80 நிமிட இடைவேளை. பாடத்தைக் குறைக்கவில்லை. வருடக் கடைசியில் அங்கே புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 8.41 சதவீதம், பக்கத்தில் அப்படிச் செய்யாத பள்ளியில் 17.65 சதவீதம். 2013ல் வெளிவந்த ஆய்வு இது. 2015ல் சீனாவின் குவாங்சோ நகரத்தில் 12 பள்ளிகளில் ஆறில் மட்டும் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டு மூன்று வருடம் பார்த்த ஆய்வு வந்தது: வெளியே விட்ட பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், மற்றவற்றில் 39.5. மூன்றாம் வகுப்பிலேயே கண்ணாடி போட்ட பிள்ளைகள் இன்று உங்கள் மகன் வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களை இடைவேளையிலும் ட்யூப் லைட் கீழேயே உட்கார வைத்தால் என்ன அர்த்தம்?

அடுத்து, கவனம். அமெரிக்காவில் ஆன்டனி பெல்லெக்ரினி என்ற ஆய்வாளர் பல வருடம் ஆரம்பப் பள்ளிகளில் உட்கார்ந்து பார்த்தார். இடைவேளைக்கு முன்பைவிட இடைவேளைக்குப் பிறகு பிள்ளைகள் கூடுதல் கவனத்தோடு இருந்தார்கள். இடைவேளையைத் தள்ளிப்போடப் போட கவனம் சிதறியது. எந்த ஆசிரியரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார். பின்லாந்தில் 45 நிமிடப் பாடத்துக்கு 15 நிமிடம் வெளியே விடுவது வெகுகால வழக்கம், பனி கொட்டினாலும். நம்மிடம் காலையில் 10 நிமிடம், மதியம் சாப்பாட்டு நேரம், மாலையில் 10 நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் நான்கு கழிப்பறைக்கு முன்னால் இருநூறு பேர் நிற்க வேண்டும். மிச்சம் கிடைக்கும் மூன்று நிமிடத்தைத்தான் நாம் தடை செய்துகொண்டிருக்கிறோம்.

மூன்றாவதாகச் சொல்வதை அளந்து காட்டுவது கஷ்டம். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நார்வேயில் எலன் சான்ட்செட்டர் என்ற உளவியலாளர், பிள்ளைகள் விரும்பித் தேடிப்போகும் துணிச்சல் விளையாட்டுகளை 2007ல் வகைப்படுத்தினார்: உயரம் ஏறுவது, வேகமாகப் போவது, கத்தி, சுத்தியல் போன்றவற்றைக் கையாள்வது, தண்ணீர், நெருப்புப் பக்கம் விளையாடுவது, கட்டிப் புரள்வது, பெரியவர் கண்ணில் படாமல் மறைந்து போவது. நம் ஊர் விளையாட்டுகளை இதில் வைத்துப் பாருங்கள். பச்சைக்குதிரையில் உயரம், நொண்டியிலும் கோகோவிலும் வேகம், கபடியில் கட்டிப் புரள்வது, கண்ணாமூச்சியில் காணாமல் போவது. யாரும் பாடத்திட்டம் எழுதித் தராமலே பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தார்கள். பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தித்துத்தான் பிள்ளைகள் அதிலிருந்து வெளியே வருகிறார்கள், அந்த வாய்ப்பே கிடைக்காவிட்டால் பின்னாளில் பதற்றம் கூடலாம் என்பது சான்ட்செட்டரின் வாதம்.

நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் கொடிக்கம்ப மேடைக்குப் பக்கத்தில் ஆழமாக ஆற்று மணல் கொட்டி வைத்தோம். மேடைக்கு மூன்று படி. பிள்ளைகள் எந்தப் படியிலிருந்து வேண்டுமானாலும் மணலில் குதிக்கலாம். முதல் வாரம் பெரும்பாலானோர் முதல் படி. நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தினமும் மூன்றாவது படியில் ஏறி நிற்பாள், கீழே பார்ப்பாள், இறங்கி இரண்டாவது படியிலிருந்து குதிப்பாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, "குதி குதி" என்று கத்தியவர்களை மட்டும் தள்ளி நிறுத்தினேன். எத்தனை நாள் ஆனது என்று ஞாபகமில்லை. குதித்த அன்று அவள் என்னிடம் வந்து எதுவும் சொல்லவில்லை. திரும்ப ஏறி மறுபடி குதித்தாள். பதினோரு முறை, நான் எண்ணினேன்.

ஓடவிட்டால் எல்லாம் சொர்க்கமாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். நியூசிலாந்தில் ஆக்லாந்து அருகே ஸ்வான்சன் என்ற பள்ளியின் முதல்வர் இடைவேளை விதிகளையெல்லாம் எடுத்துவிட்டார். மரம் ஏறலாம், சேற்றில் சறுக்கலாம். சண்டையும் பெரிய காயமும் குறைந்தன என்று அவர் சொன்னது 2014ல் உலகம் முழுக்கச் செய்தியானது. ஆனால் அதோடு தொடர்புள்ள பெரிய ஆய்வை, 16 பள்ளிகளில் நடந்து 2017ல் வெளிவந்ததை, செய்தி போட்டவர்கள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. அதில் விடுதலை கிடைத்த பள்ளிப் பிள்ளைகள், தங்களை மற்றவர்கள் தள்ளுவதும் இடிப்பதும் அதிகம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அதை ஆசிரியரிடம் போய்ப் புகாராகச் சொல்வது குறைந்திருந்தது. இரண்டு வருட முடிவில், பள்ளியில் சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொன்னவர்கள் அங்கேதான் அதிகம். இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: தள்ளுமுள்ளு இருந்தது, அதைத் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளவும் பழகினார்கள். உங்கள் மகன் பள்ளி நாளை தடையை நீக்கினால் முதல் மாதம் தள்ளுமுள்ளு கூடத்தான் செய்யும். அதற்குத் தயாராக இருங்கள், பள்ளியிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே "பார்த்தீங்களா, அப்பவே சொன்னோம்" என்று தடை திரும்பி வந்துவிடும்.

தள்ளுமுள்ளு என்றதும் சண்டையா, விளையாட்டா என்று எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். புது ஆசிரியர்கள் இதில்தான் தடுமாறுவார்கள். முகத்தைப் பாருங்கள். விளையாட்டில் முகம் சிரிக்கும், சத்தம் பெரிதாக இருக்கும், கை திறந்திருக்கும். இப்போது கீழே கிடப்பவன் அடுத்த நிமிடம் மேலே இருப்பான். முடிந்த பிறகும் சேர்ந்தே இருப்பார்கள். சண்டையில் சத்தம் அடங்கிவிடும், முகம் இறுகும், சுற்றி வட்டம் கூடும், முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் போவார்கள். எப்போதும் ஒரே பிள்ளை மட்டும் கீழே கிடக்கிறான் என்றால் மற்றவர்கள் சிரித்தாலும் அது விளையாட்டில்லை. அங்கே விசில் அடிக்க வேண்டும்.

அடுத்தது இடம். நம் ஊரில் பாதிப் பிரச்சினை இதுதான். கல்வி உரிமைச் சட்டம் 2009ன் அட்டவணையிலேயே பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று இருக்கிறது. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளுக்கு சிட்டிபாபு குழு பரிந்துரைத்த நில அளவு, மாநகராட்சிக்குள் 6 கிரவுண்டு, கிராமத்தில் 3 ஏக்கர். ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி. 6 கிரவுண்டில் கட்டடம், பஸ் நிறுத்துமிடம், தாளாளர் கார் எல்லாம் போக எஞ்சுவது எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எஞ்சிய இடத்திலும் இப்போது பேவர் பிளாக் பதித்துவிடுகிறார்கள். மழைக்குச் சேறாகாது, பார்க்கவும் நன்றாக இருக்கிறது, அட்மிஷனுக்கு வரும் பெற்றோருக்கும் பிடிக்கிறது. பிள்ளை விழுந்தால் என்ன ஆகும் என்பதைத் தீர்மானிப்பது இரண்டு விஷயம்: எவ்வளவு உயரத்திலிருந்து, எதன் மேல். மண்ணில் விழுந்தால் தழும்பு, பேவர் பிளாக்கில் விழுந்தால் எலும்பு. தரையைக் கல்லாக்கிவிட்டு ஓடாதே என்று சொல்வது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் கதை.

இதோடு பி.டி. பீரியட் கதையும் சேர்கிறது. கணக்கு ஆசிரியர் கடன் வாங்குவார், திருப்பித் தர மாட்டார். விளையாட்டுத் துறையைக் கையில் வைத்திருந்த உதயநிதி ஸ்டாலினே மேடையில், பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ளும் நிலைமை. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு தினம் சராசரியாக 60 நிமிடம் உடல் வியர்க்கும் அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பி.டி. பீரியட் கணக்குக்குப் போய், இடைவேளை தடைக்குப் போய், மாலை ட்யூஷனுக்குப் போனால் அந்த 60 நிமிடம் எங்கிருந்து வரும்?

நீங்கள் மகனைப் பற்றிக் கேட்டீர்கள்; உங்களுக்கு மகள் இருக்கிறாளா தெரியாது. ஆனால் இதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. பையன்களுக்கு டைரியில் தடை எழுத வேண்டியிருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு எழுதவே வேண்டாம். ஐந்தாம் வகுப்பு வரை என்னை விரட்டி விரட்டிப் பிடித்த பிள்ளைகள், ஆறாம் வகுப்பில் சுடிதாரும் துப்பட்டாவும் வந்ததும் சுவரோரம் போய் நிற்பார்கள். மைதானத்தின் நடுவை எட்டாம் வகுப்புப் பையன்களின் கிரிக்கெட் பிடித்துக்கொள்ளும். "பொம்பளப் பிள்ளைக்கு என்ன ஓட்டம்" என்று ஆசிரியைகளே சொல்லிக் கேட்டிருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் மைதானத்தின் நடுப்பகுதி பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நான் ஒதுக்கியபோது முதல் இரண்டு வாரம் யாரும் வரவில்லை. மூன்றாவது வாரம் ஆறு பேர் எறிபந்து ஆட வந்தார்கள். அரையாண்டுத் தேர்வுக்குள் இடம் போதவில்லை.

சரி, பள்ளி எங்கே கண்டிப்பாக இருக்க வேண்டும்? நிறைய இடத்தில். தொட்டி, சம்ப், கிணறு, மின்சாரப் பெட்டி எல்லாம் மூடிப் பூட்டியிருக்க வேண்டும். மூடி மேல் ஒரு பெரியவர் ஏறி நின்று பார்த்திருக்க வேண்டும். பழைய சுவர், சன்ஷேட் பக்கம் பிள்ளைகள் போகவே கூடாது. இடைவேளை நேரத்தில் பள்ளி வளாகத்துக்குள் எந்த வண்டியும் நகரக் கூடாது. கோல் போஸ்ட், கூடைப்பந்துக் கம்பம் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். முதல் வகுப்புக் குழந்தைகளும் எட்டாம் வகுப்புப் பையன்களும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் ஓடக் கூடாது; மோதினால் சின்னது தூக்கியெறியப்படும். இரண்டு இடைவேளையாகப் பிரித்து விட்டாலே பாதிக் காயம் குறைந்ததை என் பள்ளியில் பார்த்தேன். ஏப்ரல் மதிய வெயிலில் இரும்புச் சறுக்குமரம் தொடையைச் சுட்டுவிடும், அந்த மாதத்தில் காலையில் விடுங்கள், மதியம் நிழலில் விடுங்கள்.

இன்னொன்று, பல பள்ளிகள் யோசிக்காதது: கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டு. ஏறும்போது, சறுக்கும்போது அந்த நாடா கம்பியில் மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். துப்பட்டாவும் அப்படித்தான். விளையாடப் போகும்போது கழற்றி மாட்டுவதற்கு வகுப்பு வாசலில் ஆணி அடித்து வைத்தால் போதும். ஓடுவதைத் தடை செய்த பள்ளிகள்கூட ஐ.டி. கார்டைக் கழற்றினால் அபராதம் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பிரிட்டனில் வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசுத் துறையே 2012ல் ஒரு அறிக்கை விட்டது. விளையாட்டில் ஆபத்தை முழுக்க ஒழிப்பது நோக்கமாக இருக்கக் கூடாது, கிடைக்கும் நன்மையையும் சேர்த்து எடைபோடுங்கள், வீண் காகித வேலையில் இறங்காதீர்கள் என்று அதில் இருந்தது. நம் கல்வித் துறையும் இப்படி ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் தலைமை ஆசிரியர்களுக்குப் பெரிய பலமாக இருக்கும். "சிராய்ப்புக்கு உன்னைக் கேட்க மாட்டோம், மூடாத தொட்டிக்குக் கேட்போம்" என்று மேலிடம் தெளிவாகச் சொன்னால் பயம் தானாகவே சரியான இடத்துக்குப் போகும்.

இப்போது நீங்கள் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். முதல்வர் அறைக்குள் போய் "என் பையனை ஏன் ஓட விடவில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். "எந்த இடத்தில் ஓடினால் உங்களுக்குப் பயமாக இருக்கிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள். கூட நடந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரு படிக்கட்டு, ஒரு ஈரமான மூலை, ஒரு பேவர் பிளாக் பகுதி என்று மூன்று நான்கு இடம்தான் காட்டுவார்கள். அந்த இடங்களில் தடை இருக்கட்டும், மீதி இடத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டு ஓடுவதற்கு விடுங்கள் என்று கேட்டால் மறுப்பது கடினம். தனியாகப் போகாமல் ஐந்தாறு பெற்றோராகப் போங்கள். "விளையாட்டில் ஏற்படும் சிறு காயங்களுக்குப் பள்ளியைக் குற்றம் சொல்ல மாட்டோம், தலையில் அடிபட்டால், எலும்பு முறிந்தால் உடனே எங்களுக்குத் தெரிவியுங்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். சட்டப்படி அதற்குப் பெரிய மதிப்பு இல்லை. ஆனால் அந்த ஆசிரியைக்கு மனதில் தைரியம் வரும். அரசுப் பள்ளியாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவிலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம்.

"மீறினால் இடைவேளை ரத்து" என்ற வரியை மட்டும் எப்படியாவது எடுக்கச் சொல்லுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2013லேயே, தண்டனையாகவோ பாடத்துக்காகவோ இடைவேளையைப் பறிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. உட்கார முடியாமல் தவிக்கிற பிள்ளைதான் விதியை மீறும். அந்தப் பிள்ளையின் ஓட்டத்தைப் பறித்து, மறுபடி நாற்பது நிமிடம் உட்கார வைத்தால் அடுத்த தவறும் அவனிடமிருந்தே வரும்.

உங்கள் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. பள்ளியிலிருந்து போன் வந்து "பையன் விழுந்துட்டான், முட்டியில தோல் போயிருக்கு" என்றால் முதலில் அந்த ஆசிரியைக்கு நன்றி சொல்லுங்கள். உங்கள் குரலில் வரும் பதற்றம்தான் அடுத்த வாரத் தடையாக மாறும். எதற்குப் பதற வேண்டும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தலையில் அடிபட்ட பிறகு வாந்தி, தூக்கக் கலக்கம், குழப்பமான பேச்சு, கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியது, கூடிக்கொண்டே போகும் தலைவலி, இதில் எது இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கை கால் வளைந்து தெரிந்தாலோ, அசைக்க மாட்டேன் என்று அழுதாலோ எக்ஸ்ரே எடுங்கள். எண்ணெய் போட்டு நீவ விடாதீர்கள். சின்னச் சிராய்ப்பு என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும்.

அப்புறம், அவனுக்கு பள்ளி வாங்கச் சொன்ன கறுப்பு ஷூவின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். வழவழவென்று தேய்ந்திருந்தால் அதை மாற்றுங்கள். நான் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளைகளில் பல பேர் வழுக்கித்தான் விழுந்திருந்தார்கள்.